அமராவதி வைத்த சக்கரம்

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாகராசுவுக்குக் கூடம்கூட வேண்டியிருக்கவில்லை. எதிரே கயிறு இழுக்கப் பெண்டாட்டி இருந்தாள், போதாதா?

புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். திருக்கோகர்ணத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாகராசுவின் கடைசல் பட்டறை. மரத்தை மாட்டிய அச்சில் கயிற்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் அமராவதி மாற்றி மாற்றி இழுப்பாள். மரம் சுழலும். எதிரே நாகராசு சுழலும் மரத்தில் உளியைக் கொடுத்துக் கடைவான். கல்யாணமாகி வந்த மாதமே கயிற்றைப் பிடித்தவள் அவள். பிள்ளை வலி கண்ட அன்று காலையில்கூட ஒரு கட்டில் காலை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பாயில் படுத்தாள். அப்போதெல்லாம் அவள் இழுப்பில் ஒரு குறையும் அவனுக்குத் தெரியவில்லை.

ஆலங்குடியில் பாத்திரக்கடை வைத்திருந்த ரத்தினவேல் ஒருநாள் வந்தார். கல்யாணச் சீருக்கு உப்பும் ஊறுகாயும் போட்டுவைக்கும் மரவை கேட்டார். பூவரச மரத்தில், கையில் எடுத்தால் கனமே தெரியாத மெல்லிசுக் கிண்ணமாக வேண்டுமாம். நாகராசுவுக்கு வாயெல்லாம் பல்.

"செஞ்சு தள்ளிருவோம் மொதலாளி!" என்றுவிட்டான்.

செய்தானா? வெளிப்பக்கம் அழகாகத்தான் வந்தது. உள்ளே குடையக் குடைய, சுவர் மெலிந்து வரும் நேரத்தில் கடகடவென்று அதிரும். அடுத்த நொடி விரிசல். ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"ஒன் இழுப்புதான்டி காரணம். கை ஒதறுது ஒனக்கு" என்றான்.

அமராவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தன வருசமா ஒதறாத கை, இந்தக் கிண்ணத்தக் கண்டதும் ஒதறுதாக்கும்?"

அதோடு விட்டானா மனிதன்? டீக்கடையிலும் போய்ச் சொல்லிவைத்தான். மறுநாள் குழாயடியில் ராக்காயி, "ஒங் கையில ஏதோ நடுக்கமாமே, வைத்தியருகிட்டக் காட்டலாம்ல" என்று பரிதாபப்பட்டாள். குடத்தோடு திரும்பினால் இன்னொரு சேதி. கயிறு இழுக்க அடுத்த தெரு மூக்கன் வரப்போகிறானாம். இவள் அடுப்படியோடு இருக்கட்டுமாம். அவள் கைரேகை தேய்ந்ததே அந்தக் கயிற்றில்தான். அதை ஒரே வார்த்தையில் பிடுங்கிவிடுவதா?

அவன் வெளியே போன நேரம் பார்த்துப் பட்டறையில் நுழைந்தாள். பாதி குடைந்த கிண்ணம் அச்சிலேயே இருந்தது. உள்ளே ஒரு விரலால் அழுத்தினாள். சுவர் வெளியே நெகிழ்ந்தது. வெளிப்பக்கம் உள்ளங்கையைக் கொடுத்து மறுபடி அழுத்தினாள். இம்மிகூட அசையவில்லை.

"அடப் பாவி மனுசா! கிண்ணத்துக்கு முதுகு தாங்க ஆளில்ல. என்னயச் சொல்றியே!"

ஜோடி சேராமல் மூலையில் கிடந்த ஒரு நடைவண்டிச் சக்கரத்தை எடுத்தாள். பழைய செருப்புத் தோலை வாராக அறுத்து, புளியங்கொட்டைப் பசை தடவி, அதன் விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். அதை உருளும்படி ஒரு கட்டையில் மாட்டி, கட்டையைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கிழிந்த சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டியதும், சக்கரம் கிண்ணத்தின் வெளிச்சுவரில் மெத்தென்று சாய்ந்து நின்றது. கிண்ணம் சுற்றினால் அதுவும் சுற்றும். உளி உள்ளிருந்து தள்ளினால் அது வெளியிலிருந்து தாங்கும்.

நாகராசு வந்து முறைத்தான். "கிண்ணத்துக்கு நடைவண்டி பழக்குறியா?"

"உளியக் குடுத்துப் பாருங்க."

கொடுத்தான். அவள் இழுத்தாள். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சுவர் மெலிந்தது. அதிரவில்லை, விரிசல் விடவில்லை. அவன் ஒரு வார்த்தை பேச வேண்டுமே! 'நல்லாருக்கு' என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா?

ரத்தினவேல் ஆலங்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று, எப்போதிருந்து வேலைக்கு வரலாம் என்று கேட்க மூக்கனும் வந்து நின்றிருந்தான். ரத்தினவேல் மரவையை வெயிலில் தூக்கிப் பார்த்து அசந்துபோனார்.

"எப்படிப்பா நாகராசு?"

"நாந்தாங்க ரோசன பண்ணி அந்தச் சக்கரத்த வச்சேன். இவ இழுப்புல ஒதறல் இருக்குல்ல, அதத் தாங்கத்தான்."

கேட்டீர்களா அநியாயத்தை! அவள் வைத்த சக்கரத்தை எடுத்துக்கொண்டான். அவள்மேல் வைத்த பழியை மட்டும் எடுக்கவில்லை.

அமராவதி கயிற்றைக் கீழே போட்டாள். எழுந்து வந்து சக்கரத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"என் ஒதறலத் தாங்கத்தான இது? மூக்கன் கை ஒதறாத கை. அப்ப இது எதுக்கு? மூக்கா, வந்து இழு."

"எனக்கெதுக்கு மதினி வம்பு?" என்று நழுவப் பார்த்தான் மூக்கன்.

"இழுப்பா, பாப்போம்" என்றார் ரத்தினவேல்.

மூக்கன் ஒழுங்காகத்தான் இழுத்தான். நாகராசு வேறு வழியில்லாமல், அரைகுறையாக நின்ற அடுத்த கிண்ணத்தில் உளியைக் கொடுத்தான். கடகடவென்றது. படக்கென்று பாதிக் கிண்ணம் தெறித்து ரத்தினவேலின் காலடியில் விழுந்தது.

நாகராசு நிமிர்ந்தான். "ஏன்டா மூக்கா, ஒன் இழுப்பு..."

வாயிலிருந்து வந்தேவிட்டது. மூக்கன் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தான். ரத்தினவேல் துண்டால் வாயை மூடிச் சிரித்தார். அமராவதி சிரிக்கவில்லை.

"ஒடைஞ்சதுக்கு எம் பேரச் சொன்னீங்கல்ல? ஒடையாததுக்கும் எம் பேரச் சொல்லுங்க. அப்பத்தான் கயித்தத் தொடுவேன்."

நாகராசு உளியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"சக்கரம்... அமராவதி வச்சதுங்க மொதலாளி. அவ இழுப்புல குத்தமில்ல."

"டீக்கடையிலயும் சொல்லணும்."

"சொல்றேன்."

மூக்கனை எழுப்பிவிட்டு, சக்கரத்தை மாட்டி, அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறமும் அந்தப் பட்டறையில் மரவைகள் எப்போதாவது உடையத்தான் செய்தன. மரம் என்றால் உடையாதா? உடைந்தால் நாகராசு சக்கரத்தைப் பார்ப்பான், உளியைப் பார்ப்பான், மரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பான். கயிற்றுப் பக்கம் மட்டும் அவன் கண் போகாது.