இவன் இல்லை

நம்பாதவர்கள் எங்கள் புல்வெளி நாட்டின் தூல் ஆற்றங்கரைக்கு வந்து, அங்கிருக்கும் கல்லறை மேட்டின் மேல் புழுதிப் புயலில் தனியாக நின்று பாருங்கள். அப்புறம் என்னைப் பொய்க்காரி என்று சொல்லுங்கள். இது என் காதால் கேட்டது. நாங்கள் கும்பிடும் நீல வானத்தின் மேல் ஆணை.

என் பெயர் நெர்குய். 'பெயரில்லை' என்று அர்த்தம். என் தம்பி எனெபிஷ். 'இவன் இல்லை' என்று அர்த்தம். எங்களுக்கு முன்னால் பிறந்தது தங்கவில்லை. பிள்ளையைத் தேடி வரும் பேயை ஏமாற்ற எங்கள் பக்கம் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். தம்பிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இது நடந்த வாரம்தான் ஊருக்குள் போய்ப் பெயரை மாற்றிவிட்டு வந்தான்.

"அக்கா, இனிமே என்ன அர்சலான்னு கூப்பிடு."

"சிங்கம்னு பேரா? செம்மறிக்கடா முறைச்சாலே ஓடுவியேடா!"

இருவருக்கும் அந்த மேட்டில்தான் வேலை. பழைய துருக்கியத் தலைவன் ஒருவனின் கல்லறையை ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும்... வானம் மஞ்சளாகியது. புயல். மற்றவர்கள் வண்டிக்கு ஓடினார்கள். நாங்கள் கல்லறைக்குள் போகும் சரிவுப் பாதையில் இறங்கிவிட்டோம்.

ஒரு சுவரில் சீனர் வரைவது போல நீல டிராகன். எதிரில் வெள்ளைப் புலி. மாடத்தில் களிமண் ஆட்கள். முகம் எங்கள் முகம், உடுத்தியிருப்பது சீன அங்கி. பாதையின் கடைசியில் செங்கல் சுவர். அதற்குப் பின்னால் பிண அறை. ஆயிரத்து முந்நூறு வருடமாக யாரும் திறக்காதது.

விளக்கை மாடத்தின் பக்கம் திருப்பினேன். காலையில் நான்தான் அந்த ஆட்களைத் துடைத்தேன். அப்போது வாசலைப் பார்த்து நின்றார்கள்.

இப்போது செங்கல் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

டொக்... டொக்...

சுவருக்குள்ளிருந்து. என் முழங்கால் உயரத்தில்.

"யாரு?"

குழந்தைக் குரல். என் வாய் தானாகத் திறந்தது.

"நெர்குய்."

ஒன்றுமில்லை.

"யாரு?"

தம்பி சொன்னான், "அர்சலான்."

டொக்... நின்றது. சுவருக்குள்ளிருந்து அதே குரல்:

"அது... என் பேரு."

தம்பி நடந்தான். சுவரை நோக்கி. உள்ளங்கையைச் செங்கல்லில் வைத்தான். இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கை அதில் ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. உதடு நீலம் பாரித்தது. ஐயோ, என் தம்பி போய்விட்டான் என்றே நினைத்தேன்.

"எனெபிஷ்!" அலறினேன். "இவன் இல்ல! கேக்குதா? இவன் இல்ல!"

கை விடுபட்டது.

பின்னால் விழுந்தோம். தவழ்ந்தே வெளியே வந்தோம். புயல் முகத்தில் அறைந்தது, எனக்கு அது இதமாக இருந்தது.

வீட்டில் அம்மா உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்பி எல்லாவற்றையும் சொன்னான். புதுப் பெயரைச் சொன்னதும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அந்தப் பேர உனக்கு யாருடா சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. செத்தவர்கள் பெயரை எங்கள் வீடுகளில் உச்சரிப்பதில்லை. எங்கள் மூத்த அண்ணனின் பெயர் எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றுதான் கேட்டோம். அர்சலான். ஐந்து வயதில், இதே மாதிரி ஒரு புயலில், ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு அந்த மேட்டுப் பக்கம் போனானாம். உடல் கிடைக்கவே இல்லையாம்.

தம்பி பழைய பெயருக்கே திரும்பிவிட்டான். உயிரோடு இருக்கிறான், அது போதும் எனக்கு.

ஆனால் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அன்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி உலுக்கி அழுதாள்.

"புள்ள உள்ள இருந்து தட்டியிருக்கான்... அந்தச் செவுத்த நீ இடிச்சிருக்கக் கூடாதாடி?"