எச்சில் படாத முடிச்சு

வரதன் சார் இறந்துபோனதை எனக்குச் சொன்னவன் தனபால். முன்பு நம் பட்டறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன். போன வாரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "எஸ்தரக்கா, நம்ம சார் பூட்டாரு. நாளிக்கு காத்தால திருவள்ளூர்ல எடுக்கறாங்க. வர்றியா?" என்றான். நான் அழுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் படிக்க நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி பிறகு அவனே கேட்டான். பழைய ஆட்களில் கோர்வையாக எழுதத் தெரிந்தவள் நான்தானாம். சரி, எழுதுகிறேன். நாலும் நல்ல வார்த்தையாக இருக்கும் என்று நம்பி யாரும் உட்கார வேண்டாம்.

அவருக்குச் சேர வேண்டியதை முதலில் சேர்த்துவிடுகிறேன். தூண்டில் முள்ளில் தங்கூசி கட்டும் வேலை நம் பட்டறைக்கு வந்த புதிதில் எல்லோர் விரலும் கிழிந்து கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. தங்கூசி என்பது அந்த நைலான் நரம்புதான். முடிச்சை வெறுங்கையால் இறுக்கினால் தோலை அறுத்துவிடும். மேற்பார்வைக்கு வந்த வரதன் சார் அதற்கென்று ஒரு இறுக்குக் கம்பி செய்தார். உருண்டையான மரப்பிடி, அதன் முனையில் வளைத்த இரும்புக் கம்பி, அவ்வளவுதான். நரம்பை மேஜை ஆணியில் சுற்றி, முள்ளைக் கம்பியில் மாட்டி ஒரே இழுப்பு. முடிச்சு கல்லாக உட்கார்ந்துவிடும். என் கை சின்னது என்று எனக்குத் தனியாக ஒரு பிடியைத் தானே அரத்தால் ராவி, தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். கெட்டிக்கார மனிதர். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் நைலான் முடிச்சை ஈரமாக்கிவிட்டுத்தான் இறுக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் உராய்ந்து சூடேறி நரம்பு வெளுத்துவிடும், பிறகு அதில் பலம் இருக்காது. முள் வாங்க வரும் பழவேற்காட்டுக்காரர்கள் முடிச்சை வாயில் ஒருமுறை வைத்து எடுத்துத்தான் இழுப்பார்கள். அதைப் பார்த்து நானும் அப்படியே செய்தேன். ஒரு நாள் சார் பார்த்துவிட்டார்.

"சீ! என் மேஜையில எச்சல் வரப்படாது" என்றார். என் கையிலிருந்த கம்பியைக் காகிதத்தால் பிடித்து வாங்கிக் குழாயடியில் போட்டுக் கழுவச் சொன்னார். அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அதே கம்பி. எச்சில் எல்லோருக்கும் அருவருப்புதான். என் எச்சிலில் அவருக்கு இருந்த அருவருப்பு எந்த வகை என்று நம் எல்லோருக்கும் தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப மேசைக்கு ஒரு கிண்ணம் தண்ணியாவது குடுங்க சார்" என்று கேட்டேன்.

"முள்ளு துருப்பிடிக்கும். சொன்னதைச் செய்."

அவர் வாயிலிருந்து நாம் தினமும் கேட்ட பொன்மொழி அதுதான். சொன்னதைச் செய்தோம். வெறுங்கையால் இழுத்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. இறுக்குக் கம்பியின் வலுவில் காய்ந்த நரம்பு முடிச்சுக்கு முடிச்சு வெந்தது. மூன்று மாதம் அப்படியே கட்டி அனுப்பினோம்.

பிறகு பழவேற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் அறுந்த நரம்புகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளியும் அப்போது அங்கே இருந்தார். பெரியவர் சுருளை மேஜைமேல் போட்டார். "இன்னா சார் கட்டிக் குட்த்துகீறீங்க? மீனு ஒரு இழுப்பு இழுத்தா முடிச்சாண்டயே அறுத்துக்கினு போவுது. ஈரம் வச்சி இறுக்கலயா?"

முதலாளி சாரைப் பார்த்தார். சார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவதான். எத்தனை தரம் சொன்னாலும் வாயில வச்சிண்டேதான் இறுக்குவா. எச்சல் பட்டு நரம்பு இத்துப்போச்சு."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "எச்சி பட்டா நரம்பு இத்துப்பூடும்? நாங்க வாயில வச்சித்தான் சார் கட்றோம்" என்றார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? அன்று மத்தியானமே என்னை வெளியே அனுப்பினார்கள். ஒன்பது வருஷம் ஆகிறது. காய்ந்தபடிதான் இறுக்கினோம் என்று அங்கிருந்த ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் அன்று தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

சரக்கில் எச்சில் துப்பிக் கெடுத்தவள் என்ற பேர் எனக்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு வருஷம் யாரும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை. நடவுக்குப் போனேன். எந்தச் சேற்றிலிருந்து நான் வெளியேற வேண்டும் என்று என் அம்மா என்னைப் படிக்க வைத்தாளோ, அதே சேறு.

திருவள்ளூருக்குப் போனேன். தெருவில் தள்ளி நின்று, அவரைத் தூக்கிப் போவதைப் பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் தனபால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ போன மறுநாளே மேசைக்கு மேசை கிண்ணத்துல தண்ணி வச்சிட்டாருக்கா. நனைச்சி இறுக்குங்க, அப்பால தொடச்சி எண்ணெ தடவுங்கன்னாரு. அத்தோட ஒரு முடிச்சுகூட அறுந்து வரல."

"அப்ப என்னை ஏன் கூப்பிடல?"

"யார் போய்க் கேக்கறது? அவரும் உள்ளுக்குள்ள வருத்தப்பட்டுக்கினுதான் இருந்திருப்பாரு."

இருந்திருப்பார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காய்ந்தபடி இறுக்கியதுதான் காரணம் என்று தெரியாமல் செய்துவிட்டார் என்று எண்ணியிருந்தவரை அவரை முட்டாள் என்று மட்டும்தான் வைதுகொண்டிருந்தேன். மறுநாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தபிறகும் என் பேரை அப்படியே நாற விட்டிருக்கிறார். சாவுக்குப் போய்வந்த அன்று அவர்மேல் எனக்கிருந்த வெறுப்பு, வேலை போன அன்றுகூட இருந்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. முதலாளியிடமிருந்து என் பக்கம் திரும்பிய அந்த முகம். இப்போது மீஞ்சூரில் ஒரு தையல் கூடத்தில் எனக்குக் கீழே எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். போன மாதம் சரளா என்ற பெண் காலரைத் தப்பாக வெட்டிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் பார்த்தேன், சீட்டில் அளவைத் தப்பாக எழுதிக் கொடுத்தவள் நான். சீட்டைக் கசக்கிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் கையும் மடங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது அந்த முகம் நினைவுக்கு வந்தது. "சரளா, தப்பு என்னுதும்மா. அளவ நான்தான் மாத்தி எழுதிட்டேன்" என்று எட்டுப் பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மிஷினை மிதித்தாள்.

அதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வரதன் சாருக்கு ஒன்பது வருஷம் இருந்தது.