கோணல் தையல்

அப்பா இறந்த அன்று பகல் முழுவதும் மழை. பெருந்தெருவிலிருந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஏறி வரும் படிகள் பாதி கல், பாதி மண். மழை நாளில் தோட்டத்து ஆட்களே நின்று நிதானித்துத்தான் ஏறுவார்கள். அந்தப் படிகளில் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஒரு மனிதர், சப்பாத்துகளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் தேயிலைச் செடிகளைப் பற்றிப் பற்றி ஏறி வந்தார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். வாசலுக்கு வந்ததும் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து, நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்த பொலித்தீன் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே அப்பாவுக்குப் போர்த்துவதற்கான வெள்ளைத் துணி.

"நனையல்ல, தொட்டுப் பாருங்க," என்றார். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் தோளில் ஒழுக, பிரேதம் எடுக்கும் வரை வெளியிலேயே நின்றிருந்தார்.

பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவர் அவர். லுணுகலைப் பக்கம் போகும் தெருவிலிருந்த எங்கள் தோட்டத்தில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் லயங்களில் யார் இறந்தாலும் ஒருவர் போய்ச் சொன்னால் போதும், வெள்ளைத் துணியைக் கிழித்துக் கையில் கொடுத்தனுப்புவார். அவரே எடுத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எங்கள் பழக்கம் தொடங்கியிருந்தது. அப்போது நான் தோட்டப் பாடசாலையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியன். விளையாட்டுக் கழகத்துக்கு என்னைச் செயலாளராகவும் ஆக்கியிருந்தார்கள். கழகம் என்றால் ஒரு கரப்பந்தாட்ட வலை, இரண்டு பந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்துத் தரையில் கூடும் இளைஞர்கள், அவ்வளவுதான். போட்டிகளுக்கு ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போவோம். மற்ற அணிகள் சிரிக்கும். ஒரு நாள் நல்ல தமிழில் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு நானாவின் கடைப்படி ஏறினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி அவர் கடிதத்தை வாசித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் பாடசாலைச் சீருடையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தினை பேருக்குச் சட்டை?"

"பன்னெண்டு பேருக்குங்க."

"பதினாலு எடுங்க. எடுபடாம வெளியில ரெண்டு பேர் நிப்பான்களே, அவனுகளுக்கு மனசு இல்லையா?"

அப்படித்தான் மஞ்சள் சட்டைகள் வந்தன. முதுகில் கடையின் பெயர். அது அவருடைய உம்மாவின் பெயர். நானா கைக்குழந்தையாக இருக்கும்போதே அந்தத் தாய் இறந்துவிட்டார். முகம் கூடத் தெரியாது, பெயர்தான் தெரியும் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். "எழுத்தைப் பெருசாப் போடுண்டு செல்லுங்க தம்பி, தூரத்துல ஈக்கிறவனுக்கும் வெளங்கணும்," என்று அச்சடிக்கக் கொடுக்கும்போதெல்லாம் நினைவுபடுத்துவார். கோயில் திருவிழாப் பந்தலில் அவர் கொடுத்த பதாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது என்று ஒருமுறை இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போட்டிகளைப் பார்க்க வருவார். கரப்பந்தாட்டத்தின் விதிகள் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. எதிர் அணி புள்ளி எடுத்தாலும் கைதட்டுவார். நாங்கள் திரும்பிப் பார்த்தால், "நல்லா அடிச்சான்தானே?" என்பார். மாசி மாதம் காமன் கூத்துக்கு ரதியின் சிவப்புச் சேலையும் மன்மதனுக்குப் பளபளப்பான துணியும் அவர் கடையிலிருந்துதான் போகும். கூத்துப் பார்க்க மட்டும் வரமாட்டார். அது தனக்குப் பழக்கமில்லை என்று மரியாதையோடு சொல்லிவிடுவார். ஆனால் கூத்து முடிந்த வாரம் நான் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "இந்த வருசம் ரதி அழுதிச்சா?" என்பதுதான். ரதியாக ஆடியவர் எங்கள் கழகத் தலைவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, தடித்த மீசை. கூத்துக்காக அந்த மீசையை வருடத்துக்கு ஒருமுறை எடுப்பார். அவர் அழுதால் லயமே அழும். அழுதார் என்று சொன்னால் நானாவுக்கு ஒரு திருப்தி. "கிழிஞ்ச சீலையோட அழுதா யாரு நம்புவா?" என்பார்.

பிறகு அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அந்தப் பாவத்தைச் செய்தவர்களுக்கும் பதுளையில் துணி கிழித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள், போனில் அனுப்பிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் நானாமீது கோபமில்லை. ஆனாலும் அந்த மாதங்களில் எங்கள் பெண்கள் பதுளைக்குப் போனால் வேறு கடைகளில் துணி எடுத்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பதுளையில் ஒரு கரப்பந்தாட்டப் போட்டி. புதிய சட்டைகளை நானா குண்டுவெடிப்புக்கு முன்பே அடித்துத் தந்திருந்தார். பதினான்கு மஞ்சள் சட்டைகள், முதுகில் பெரிய எழுத்தில் அந்தப் பெயர். போட்டிக்கு முந்தின நாள் கமிட்டி கூடியது.

"மாஸ்டர், இந்தப் பேரோட பயலுகள டவுனுக்குக் கூட்டிட்டுப் போறது சரியா வருமா?" என்று தலைவர் கேட்டார். "எவனாவது கைய வச்சுட்டா நாமதான் பதில் சொல்லணும்."

பயம் பொய்யில்லை. ஆனால் பெயரை மறைக்கச் சொல்லி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மிரட்டவுமில்லை. சட்டை இல்லாமல் பழையபடி ஆளுக்கொரு நிறத்தில் போயிருக்கலாம். போட்டிக்கே போகாமல் இருந்திருக்கலாம். ஒரு எட்டு நானாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். இதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பெயர்மேல் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துவிடலாம் என்று சொன்னவன் நான்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு நல்ல யோசனை சொன்னதுபோல அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கழகக் கொடிக்கென்று நானா கொடுத்திருந்த மஞ்சள் துணியில் மிச்சம் வீட்டில் இருந்தது. அதையும் சட்டைகளையும் மனைவியிடம் கொண்டுபோய் வைத்தேன். அவள்தான் எங்கள் லயத்தில் தையல் தைப்பவள். சட்டையை விரித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாமா செத்தன்னைக்கு மழையில ஏறி வந்த மனுசன் இவருதானே?"

"நெலம அப்பிடி இருக்கு. புரிஞ்சுக்க."

"எனக்குப் புரியுதுங்க. ஆனா நான் தைக்கமாட்டேன். மெஷின் அங்க இருக்கு, நீங்களே தைச்சுக்கங்க."

அடுப்படிக்குப் போய்விட்டாள். தையல் மெஷினை மிதித்துப் பழக்கமில்லாதவன் நான். அன்று மாலை முழுக்க உட்கார்ந்து பதினான்கு சட்டைகளுக்கும் நானே தைத்தேன். எழுத்துகள் பெரியவை, அதனால் துண்டுகளும் பெரியவையாக வெட்ட வேண்டியிருந்தது. தையல் நேராக ஓடவில்லை. துணி ஒரு பக்கம் சுருங்கியது, மறுபக்கம் உப்பியது. ஊசி ஏறி இறங்கும்போது கீழே யாருடைய பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

நானா போட்டிக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தோம். கடையையே பாதி நாள் மூடி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் தற்செயலாகத் திரும்பினேன். மைதானத்தின் மறுகோடியில், கம்பி வேலிக்கு வெளியே அவர் நின்றிருந்தார். எப்போதும் வலைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருபவர். அன்று தொப்பி இல்லாத தலையைத்தான் பார்த்தேன். அவருக்கு முன்னால் எங்கள் பையன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடினார்கள். அவர் கைதட்டவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். போகாமல் இருக்க முடியாது என்று வேலியருகே போனேன். "நானா..." என்று இழுத்தேன்.

"சரியான வேலதான் செஞ்சீங்க தம்பி," என்றார். "புள்ளைகளுக்கு ஒண்டும் ஆகக் கூடாது. இப்ப காலம் அப்பிடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற பையனின் முதுகைக் கம்பி வழியாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தையல்தான் கொஞ்சம் கோணலாப் போயிட்டு. கடைக்குக் கொண்டந்திருந்தா நானே மெஷின்ல நேரா அடிச்சுத் தந்திருப்பேன்."

குத்திக்காட்டத்தான் சொன்னாரா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். இல்லை. துணிக்காரர் துணியைப் பார்த்துச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்தால் உண்மையிலேயே தன் கையால் தன் உம்மாவின் பெயரை மூடித் தைத்துக் கொடுத்திருப்பார்.

அதற்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் பயம் எல்லோருக்கும் குறைந்துவிட்டது. அவருடைய கடைக்குப் பெண்கள் மெல்லத் திரும்பிப் போனார்கள். போகாதவன் நான் மட்டும்தான். பதுளைக்குப் போனால் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தேன். முதலில் அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினேன். பிறகு இத்தனை நாள் போகாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்று தள்ளினேன். அடுத்த மாசியில் ரதியின் சேலைக்காக எங்கள் தலைவர்தான் கடைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"இல்லைன்னுட்டாரு மாஸ்டர்," என்றார். நானா இல்லை என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "இனி வேற கடையில கேட்டுப் பாருங்கன்னாரு. கோவமா இல்ல, மெதுவாத்தான் சொன்னாரு. நான் படி எறங்கும்போது கூப்பிட்டு, 'செயலாளர் தம்பி ஏன் வரல்ல?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஸ்கூல்ல வேல ஜாஸ்தின்னேன்."

அந்த வருடம் ரதி பழைய சேலையைக் கட்டிக்கொண்டு அழுதது. நான் அப்போதும் போகவில்லை. கொரோனா வந்தது, ஊரே மூடிக் கிடந்தது. திறந்தபோது நானாவின் கடை திறக்கவில்லை. கடையை விற்றுவிட்டு, கல்யாணமாகிப் பண்டாரவளையில் இருந்த மகளோடு போய்விட்டார் என்றார்கள். பண்டாரவளை என்ன, சந்திரமண்டலமா? ஆசிரியர் கூட்டங்களுக்கென்று அந்த ஊருக்கு எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. கடைத்தெருவில் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை விசாரித்துக்கொண்டு மகளின் வீட்டுக்குப் போனேன். கல்லாப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை இப்போது இரண்டு குழந்தைகளின் தாய். என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லி இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்: யோசனை என்னுடையது, தைத்ததும் நான்தான், பிறகு கடைக்கு வராமல் போனதும் வெட்கத்தினால்தான்.

"மன்னிச்சுக்கங்கன்னு கேக்கத்தான் வந்தேன்மா," என்றேன்.

உள்ளேயிருந்து ஓடிவந்த சின்னவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சட்டைக்காக வாப்பா ஒரு நாளும் வருத்தப்படல்ல, மாஸ்டர். அந்த நேரம் எங்களுக்கும் பயம்தான், கடைப் பேர்ப் போர்ட நாங்களே கழட்டி வெச்சோம். நீங்க வருவீங்க எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தாரு. கடையிலயும் பார்த்தாரு, இங்க வந்தும் பார்த்தாரு." சின்னவனை மடியில் சரியாக இருத்திவிட்டுச் சொன்னார்: "அவர்கிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட தந்தா நான் என்ன செய்ய ஏலும்?"

குரலில் கோபம் இல்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். புறப்படும்போது வாசல் வரை வந்தவர், "தோட்டத்துப் புள்ளைகள் இப்பவும் வெளையாடுறாங்களா?" என்று கேட்டார். "வாப்பா அதைத்தான் அடிக்கடி கேப்பாரு. எங்களுக்குப் பதில் செல்லத் தெரியாது."

எங்கள் கழகம் கலைந்து இரண்டு வருடமாகியிருந்தது. பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், வலை தலைவர் வீட்டுப் பரணில் சுருண்டு கிடந்தது.

"வெளையாடுறாங்கம்மா," என்றேன்.

"அப்ப நல்லது," என்றார். முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்தப் பொய்யைத் திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் ஞாயிறு. தலைவரும் நானுமாக வலையை எடுத்துக் கிழிசல்களை முடிந்து, பழைய தரையில் கம்பு நட்டுக் கட்டினோம். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள், அதில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். வேலைக்குப் போட்ட சட்டை, பாடசாலைச் சட்டை, அண்ணனுடைய சட்டை என்று கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள். போட்டிக்குப் போகும் அளவுக்கு இன்னும் ஆடவில்லை. ஒரே மாதிரிச் சட்டை வேண்டுமென்று இன்னும் கேட்கவுமில்லை. ஒரு நாள் கேட்பார்கள். கேட்டால் எந்தக் கடைப்படி ஏறி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.