உள்ளே போக வழியில்லாத மேடு

ஒரு அலுவலகம் எழுதிக் கேட்டால் இன்னொரு அலுவலகம் பதினைந்து நாளில் பதில் எழுத வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும். நடைமுறை நூல் அப்படித்தான் சொல்கிறது. அதை நம்பியது என் குற்றம்.

1978 கோடையில் நான் உத்திரமேரூர் பக்கம் வருவாய் ஆய்வாளர். கூலி வேலை செய்யும் ஒரு அம்மாளுக்கு ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கு மேட்டில் மனைப்பட்டா தர வேண்டியிருந்தது. அவள் இருந்த பள்ளத்துக் குடிசையில் ஒவ்வொரு மழைக்கும் இடுப்பளவு தண்ணீர். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். படித்தவனாயிற்றே, சரிவில் தெரிந்த செங்கற்களைக் குனிந்து பார்த்தேன். வட்டமாக ஒரு சுவர். அதற்குள் சக்கரத்து ஆரக்கால்கள் போலக் குறுக்குச் சுவர்கள். பௌத்தத் தூபியாக இருக்குமோ என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் சென்னையிலுள்ள தொல்லியல் துறைக்கு எழுதிவிட்டேன். பதில் வரும்வரை பட்டா நின்றது.

அடுத்த வாரம் அவள் அலுவலகத்துக்கே வந்து, தூபி என்றால் என்ன சாமி என்று கேட்டாள். விளக்கினேன். நடுவில் ஒரு பெரியவரின் எலும்பையோ சாம்பலையோ வைத்து, மேலே அரைக்கோளமாக மூடிவிடுவார்கள். உச்சியில் சதுரமாக ஒரு வேலி, அதன்மேல் அரசனுக்குப் பிடிப்பது போல அடுக்குக் குடை. ஆரக்கால் சுவர்களை அறச்சக்கரம் என்பவர்கள் உண்டு, மண் சரியாமலிருக்க என்பவர்களும் உண்டு. கும்பிட வருகிறவர்கள் வலமாகச் சுற்றிவிட்டுப் போவார்கள்.

"உள்ள போறதுக்கு வயி?"

"கெடையாதும்மா. சுத்தத்தான் முடியும்."

"அப்ப உங்க ஆபீஸ் மாரி கீதுன்னு சொல்லுங்க."

கணக்குப்பிள்ளை அவசர வேலை வந்ததுபோல வெளியே போனார்.

மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் போட்டேன். அந்த ஐப்பசியில் அவள் குடிசைச் சுவர் கரைந்து விழுந்தது. அடுத்த ஐப்பசிக்கு அவள் காத்திருக்கவில்லை. "எந்தப் பக்கம் கொட்டாய் போட்டுக்கினா உங்க சென்னைக்காரங்களுக்குக் கோவம் வராது, சொல்லுங்க" என்றாள். ஆக்கிரமிப்பைத் தடுக்க வேண்டிய நான், அளவுச் சங்கிலி பிடித்து வட்டச் சுவருக்கு அப்பால் இடம் காட்டினேன். அவள் கூரை போட்டதும், ஆக்கிரமிப்பாளர் என்று பெயரெழுதி நோட்டீசும் கொடுத்தேன். இன்னார் இங்கே குடியிருக்கிறார் என்று ஏழைக்கு அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் முதல் சான்று அதுதான். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சென்னையிலிருந்து பதில் நல்ல தாளில் வந்தது. மேடு தூபியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வட்டச் சுவருக்கு அப்பால் பட்டா வழங்க ஆட்சேபணை இல்லை. அவள் அந்தக் கூரையின்கீழ் மூன்றாவது மழைக்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய தேதி 1981 நவம்பர் 9.