குண்டூசிக்கு ஒரு பென்சில் டப்பா

செக்கிங் அக்காவின் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடியாது. சட்டைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். மெஷின்காரர்கள் அவளைக் கண்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலும் இதே கதைதான். கணவர் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். அந்த மனுஷன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு வகுப்பின் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்திருந்தார்கள். பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் பின்னறையில் ஏழு பிள்ளைகள். ஒன்றுக்கும் ஆறு வயது தாண்டவில்லை. அன்றைய பாடம் கிருபை.

“கிருபைன்னா, நமக்குத் தகுதியே இல்லாட்டியும் கடவுள் சும்மா குடுக்குறது,” என்று அழகாகத்தான் ஆரம்பித்தாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டன. உடனே பையைத் திறந்து, ஏழு பென்சில் டப்பாக்களை மேசைமேல் அடுக்கினாள்.

“கிருபையப் பத்தின பைபிள் வசனத்த ஒரு எழுத்து பிசகாம சொல்றவங்களுக்குத்தான் இது.”

இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! சும்மா கிடைப்பதைப் பற்றிய வசனத்துக்கே பரீட்சை வைத்தாள் மகராசி. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

போதகர் மகள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இன்னும் ஐந்து பேர் தட்டுத் தடுமாறிக் கரையேறினார்கள். ஏழாவது குண்டூசி. ஒல்லி உடம்புக்கு வைத்த பெயர். வகுப்பில் சேர்ந்து நாலு மாதமாகியும் வாயைத் திறக்காத பிள்ளை. எழுந்து நின்றாள், உதடு அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. அக்கா மூன்று முறை அடியெடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு கடைசி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “அடுத்த வாரம் படிச்சிட்டு வா, கண்ணு,” என்றாள்.

அடுத்த வாரம் குண்டூசி வரவில்லை. ஆராதனை முடிந்ததும் அவள் அப்பா வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. அவ இனிமே கோயிலுக்கே வர மாட்டாளாம். வசனம் தெரியாதவங்கள கடவுளுக்குப் பிடிக்காதாம்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்று நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினாள். வாயால் சொல்லாவிட்டாலும் அதைத்தானே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அன்று மதியமே டப்பாவோடு குண்டூசி வீட்டு மாடிப்படி ஏறினாள். கதவருகே வந்த பிள்ளை அதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

“எனக்கு வசனம் வரல.” அந்தக் குரலை அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

“வராட்டி பரவாயில்ல. இது உனக்குத்தான்.”

“அடுத்த வாரமும் வராது.”

“அப்பவும் உனக்குத்தான்.”

“எப்பவுமே வரலைன்னா?”

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எப்பவுமே வரலைன்னாலும் உனக்குத்தான் கண்ணு. அன்னிக்கே குடுத்திருக்கணும். அக்காதான் தப்புப் பண்ணிட்டேன்.”

பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு இன்னொன்று. டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குசுகுசுவென்று கேட்டது: “இத மத்தவங்ககிட்ட சொல்லக் கூடாதா?”

“எல்லார்கிட்டயும் சொல்லு.”

இப்படிச் சொல்லித்தான் அக்கா வம்பை விலைக்கு வாங்கினாள். அடுத்த ஞாயிறு, ஜெபம்கூடத் தொடங்கவில்லை, குண்டூசி பெஞ்சுமேல் ஏறி நின்றுவிட்டாள்.

“நான் வசனமே சொல்லல! அக்கா வீட்டுக்கே வந்து குடுத்தாங்க!”

பின்னறை ரணகளமானது. போதகர் மகள் கண்கலங்க எழுந்தாள். “அது எப்படிக்கா? நாங்கல்லாம் கஷ்டப்பட்டுப் படிச்சோம். அவ ஒண்ணுமே பண்ணலையே!”

“ஆமாம்மா, ஒண்ணுமே பண்ணல,” என்றாள் அக்கா. “அதுக்குப் பேர்தான் கிருபை. நீ கேக்குற இதே கேள்வியத்தான் நானும் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன். உக்காரு, எனக்கும் போன வாரம்தான் புரிஞ்சுது.”