அஞ்சு நாள் நிறுத்தச் சொன்னது நான்தான்

வியாழக்கிழமை காலையில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹெர் க்ரூகர் தன் ரத்தத்தைத் தானே அளந்துகொள்வார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதற்கு முன் விரலில் ஒரு குத்து, கைபேசி அளவிலான எந்திரத்தில் ஒரு சொட்டு. ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். அதைச் சின்னப் புத்தகத்தில் எழுதிவிட்டு, எதிரில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் எனக்கும் சொல்வார், வெளியே மழை பெய்கிறது என்பதைப் போல. ஜெர்மனியின் இந்தச் சிற்றூருக்கு வந்து பதினோரு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் சத்தம் கேட்கிறதென்று கதவைத் தட்டுகிற வழக்கத்துக்குக்கூடப் பழகிவிட்டேன். இந்த எண்ணுக்கு மட்டும் பழக முடியவில்லை.

அவர் நெஞ்சுக்குள் உலோக வால்வு இருக்கிறது. அப்படி வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை கூடிப்போனால் ரத்தம் நிற்காது; குறைந்துபோனால் வால்வில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடும். எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறாரா என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இதையெல்லாம் இன்று நான் தெளிவாகச் சொல்கிறேன். தெரிந்திருக்க வேண்டிய நாளில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

போன மாதம் அவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் தூரத்தில் இருப்பதால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். பல் மருத்துவர் ஒரு சின்னப் பெண். மேசை மேல் க்ரூகரின் இதய மருத்துவர் அனுப்பிய கடிதம் ஏற்கனவே வந்து கிடந்தது. அன்று காலை எண் எவ்வளவு என்று கேட்டாள். “இரண்டு புள்ளி ஏழு” என்றார். “நல்லது” என்றாள். பற்களைப் பிடுங்கி, குழியில் பஞ்சு போல எதையோ வைத்துத் தையல் போட்டு, துணியைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னாள். ராத்திரி மாத்திரையை வழக்கம்போலப் போட வேண்டும் என்றாள்.

“மாத்திரையை நிறுத்த வேண்டாமா?” என்று கேட்டுவிட்டேன். என் குரல் எப்படியிருந்ததோ, நான் ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். என்னை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். “வாயில் வரும் ரத்தத்தை என் கையால் அமுக்கி நிறுத்த முடியும். தலைக்குள் போகிற கட்டியை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நிறுத்துவதில்லை” என்றாள். பிறகு, “நீங்கள் அவர் மகளா?” என்றாள். இல்லை, பக்கத்து வீடு என்றேன். “அவர் கொடுத்துவைத்தவர்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து சாலையில் நின்று அழுதேன். சொந்த அப்பனுக்குத் துணை போகாதவள், ஊரான் அப்பனுக்குப் பஞ்சு பிடிக்க வந்திருக்கிறேன்.

என் அப்பாவுக்கும் அதே வால்வுதான். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. கோயமுத்தூரில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “நம்ம கெணத்து மோட்டாருக்கு ஃபுட்வால்வு இருக்குதல்லங்க, அதே சங்கதிதானுங்க” என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாத்திரையை ஒரு நாள் தவறவிட்டதில்லை. மாதாமாதம் பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். அவரைப் போல ஒழுங்கான நோயாளியை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது.

ஆனால் எதிலும் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு. “எங்க அம்மணி ஜெர்மனியில ஆஸ்பத்திரியில இருக்கறா” என்பார். இருக்கிறேன்தான். எந்த வார்டில் எந்தப் படுக்கை காலி என்று கணினியில் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் அங்கே ஊசியைத் தொட்டதுகூட இல்லை. இதை அவரிடம் விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பத்து வருடமாக நான் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. சித்தி முட்டி வலிக்குக் கேட்பாள், மாமா சர்க்கரைக்குக் கேட்பார். நானும் கூசாமல் பதில் சொல்வேன். வெளிநாட்டில் கிடக்கிற நீங்களும் இதைச் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஊரில் நம்மை யாரும் தேடாத நாட்களில், இப்படிக் கேட்கிறவர்கள்தான் நாம் இன்னும் அந்த வீட்டு ஆள் என்று நம்மை நம்பவைக்கிறார்கள். அதற்காக நாம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, சூப்பர்மார்க்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

“அம்மணி, கடவாப்பல்லு ஒண்ணு புடுங்கோணுமாம். அந்த மாத்திரைய என்ன பண்றதுன்னு ஆர்ட்டு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்றாரு இந்தப் பல்லு டாக்டரு. அத்தப் பெரிய டாக்டரைப் போயி ஒரு பல்லுக்காகத் தொந்தரவு பண்றது நல்லாவா இருக்கும்? நீயே சொல்லிப்போடு கண்ணு.”

எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் பாக்கி. “அஞ்சு நாள் நிறுத்திருங்கப்பா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க” என்றேன்.

“அஞ்சு நாளா? சேரி, சேரி.”

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தாராபுரத்தில் என் மாமியார் ஏதோ ஆபரேஷனுக்கு முன்னால் ஏதோ மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தினார். என்ன மாத்திரை, என்ன ஆபரேஷன், இன்றுவரை எனக்குத் தெரியாது. அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, தயிருக்கும் தக்காளிக்கும் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பல் பிடுங்கிய அன்று நடந்ததைத் தம்பி கதிர்வேல் பிற்பாடுதான் சொன்னான். கடிதம் எங்கே என்று பல் டாக்டர் கேட்டிருக்கிறார். அப்பா, “எங்க பொண்ணு ஜெர்மனியில ஆஸ்பத்திரியில இருக்குதுங்க. அஞ்சு நாள் நிறுத்தச் சொல்லிப்போட்டுதுங்க” என்றாராம். “அவங்க டாக்டருங்களா?” என்று அவர் கேட்க, அப்பா, “ஆமாங்க” என்றிருக்கிறார். தம்பி பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

“ஏன்டா, நீயாவது இல்லைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

“அத்தனை பேர் இருக்கறாங்க. அவங்க முன்னாடி அப்பாவைப் பொய்யாக்கச் சொல்றியாக்கா?”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் புகழ்வார்கள். பெரிய டாக்டரைத் தொந்தரவு செய்யாத மரியாதை, பெற்றவரைச் சபையில் மறுக்காத மரியாதை, வயதானவர் சொல்வதைத் துருவிக் கேட்காத மரியாதை. இத்தனை மரியாதையும் சேர்ந்து என் அப்பாவைப் படுக்கையில் தள்ளியது.

பிடுங்கிய அன்று ராத்திரியே மாத்திரையைத் தொடங்கச் சொன்னாராம் டாக்டர். எச்சில் லேசாகச் சிவந்து வருகிறதென்று அப்பா மறுபடி என்னைக் கூப்பிட்டார். “காயம் ஆறட்டும், இன்னும் நாலு நாள் போகட்டும்பா” என்றேன். ஆம், இரண்டாம் முறையும் நானேதான். அதற்கப்புறம் தினமும் கூப்பிட்டு பல் எப்படியிருக்கிறது என்று விசாரித்தேன். மாத்திரையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்திய பத்தாம் நாள் காலை, தோப்பில் மோட்டார் போடப் போனவருக்கு வலது கை தூக்க வரவில்லை. தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்திருக்கிறார். பேச்சும் வரவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் எங்கள் பெரியப்பா ஒறம்பரை சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். கண்ணாடிக் கதவு உடைந்தது. “நல்லா இருந்த மனுசனை ஒரு பல்லுக்காகக் கெடுத்துப்போட்டான்” என்று ஊரே பேசியது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தம்பியும் திறக்கவில்லை. பதினைந்து நாள் லீவு முடிந்ததும் விமானம் ஏறினேன். வெட்கங்கெட்டவள் என்று நீங்கள் சொல்லலாம். அதைவிட மோசமான வார்த்தைகளை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஜெர்மனி ஒசத்தி, நம் ஊர் மட்டம் என்று எழுத நான் வரவில்லை. கோயமுத்தூரில் இந்த வேலையை இதே சுத்தத்தோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பல் டாக்டரும் கேட்கத்தான் சொன்னார். நாங்கள்தான் கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை.

க்ரூகரோடு போய்வந்த மறுநாள், தம்பியிடம் எண் வாங்கி அந்தப் பல் டாக்டரை அழைத்தேன். கிளினிக்கை மூடிவிட்டு, கோயமுத்தூரில் யாரிடமோ சம்பளத்துக்கு இருக்கிறாராம். நான் டாக்டர் இல்லை என்றும், நிறுத்தச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன்.

“நானும் அந்த ஆர்ட்டு டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கோணுமுங்க. ஜெர்மனி டாக்டருன்னதும் சும்மா இருந்துட்டேன்” என்றார். பிறகு, “அப்பா இப்ப எப்படி இருக்காருங்க?” என்றார். அதற்குப் பிறகுதான், “இதை உங்க பெரியப்பாகிட்டச் சொல்லுவீங்களா?” என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

போன ஞாயிறு சொன்னேன். வீடியோ அழைப்பில் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். பெரியப்பாவும் வந்திருந்தார். “மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தானுங்க பெரீப்பா. அந்தப் பல் டாக்டர் மேல தப்பு இல்லீங்க. நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்கறேன், அவ்வளவுதான்” என்றேன். பெரியப்பா சிரித்தார். “உடு அம்மணி. தூரத்துல தனியா இருந்தா மனசு இப்படித்தான் கண்டதையும் நெனைக்கும். படிச்சவன் அவன்தானே, அவனல்ல யோசிச்சிருக்கோணும்” என்றார். என் குற்றத்தைக்கூட அவர்கள் என்னிடம் கொடுக்கவில்லை. விருந்தாளியைத் தன் எச்சில் இலையை எடுக்க விடாத மாதிரி தடுத்துவிட்டார்கள்.

கதிர்வேல் வழக்கம்போல ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து, “ஒண்ணு புள்ளி ஒம்பதுக்கா. மாத்திரையக் கூட்டட்டுமா?” என்று கேட்டான்.

“எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கேளு.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, புத்தி போகவில்லை. நான் பெரியப்பாவிடம் சொன்ன அத்தனையும் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவர் முகம் சுருங்கியது அப்போது இல்லை, தெரியாது என்று நான் சொன்னபோதுதான். இடது கையை நீட்டிக் கைபேசியைத் தள்ளிவிட்டார். அது கட்டிலில் மல்லாந்து விழுந்தது. எனக்கு மின்விசிறியும் விட்டமும் மட்டும் தெரிந்தன.

அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை. பெரியப்பா காப்பி கேட்டார். யாரோ செருப்பை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அப்புறம், வேறொரு போனில் கதிர்வேலின் குரல் கேட்டது. “ஏனுங்க, அப்பாவோட மாத்திரையப் பத்தி ஒரு சந்தேகம் கேக்கோணுமுங்க. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. ஆமாங்க, வால்வு வெச்சவருதானுங்க. சொல்லுங்க, எழுதிக்கறேன்.” இரண்டு வருடத்துக்கு முன் நடந்திருக்க வேண்டியது அதுதான். அவன் செய்தது சரி. நான் சொல்லித்தான் செய்தான். ஆனாலும், யாராவது அந்தக் கைபேசியை எடுத்து என் பக்கம் திருப்ப மாட்டார்களா என்று, ஜெர்மனியில் என் சமையலறை மேசையில், அந்த விசிறியைப் பார்த்தபடி நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.