மறதி நோயின் வலையைத் தேடி: தம்பின் தோட்டத்தில் ஒரு ஞாயிறு

என் தங்கை ஸ்டெல்லா மறதி நோயை ஆராய்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பின் ஊருக்கு வெளியே உள்ள ஒரு தோட்டத்தில் ரத்த மாதிரி எடுக்க அவளுக்குக் காரோட்ட ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் எனக்கு இந்தப் பயணம் வாய்த்தது.

நாங்கள் இருக்கும் ராசாவிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ரெம்பாவ் வழியாகப் பழைய சாலையில் போனால் தம்பின் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், டோல் கிடையாது. பின்சீட்டில் தாதி கலா, அவர் காலடியில் ரத்த மாதிரிகளுக்கான ஐஸ் பெட்டி. தம்பின் பாசாரில், சந்தைக் கடை ஒன்றில், ரொட்டி சானாய் சாப்பிட்டோம். பிறகு செம்பனை மரங்களுக்கு நடுவே மண்சாலை. மழை பெய்திருந்தால் தாழ்வான காரில் போகாதீர்கள்.

பூசை முடிந்து, சிற்றாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் தோட்டத்து மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோய் உள்ளவர்கள், அதே வயதில் நோய் இல்லாதவர்கள் என இரு தரப்பு ரத்தமும் ஸ்டெல்லாவுக்கு வேண்டும். இதுவரை நடந்த ஆய்வுகளில் நம் மக்களின் ரத்தம் மிகக் குறைவாம்.

முன்வரிசையில் இருந்த முதியவர் ஆரோக்கியசாமி, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். மனைவி மேரிக்கு இந்த நோய். ஊர் வாய்க்குப் பயந்து அவரை வெளியே அழைத்து வருவதையே நிறுத்தியிருந்தார்.

“ரத்தம் குடுத்தா என் வூட்டுக்காரிக்கு நல்லாயிடுமாம்மா?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

“ஆகாது தாத்தா. பொய் சொல்ல மாட்டேன். பாட்டிக்கு இது உதவாது.”

பின்னால் இரண்டு பேர் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள். கொஞ்சம் நம்பிக்கை கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

“அப்புறம் எதுக்குலா எடுக்குற?” என்றார் ஆரோக்கியசாமி.

“உடம்புல ஆயிரக்கணக்குல ஜீன் இருக்கு தாத்தா. எதுவும் தனியா வேல செய்யாது. ஒண்ணோட வேல ஏறுனா கூடவே எது ஏறுது, எது எறங்குதுன்னு கம்ப்யூட்டர்ல கோடு இழுத்து வல மாதிரி வரைவேன். நோய் வந்தவங்க வலையையும் வராதவங்க வலையையும் பக்கத்துல வெச்சா, எந்தக் கும்பல் கலைஞ்சி போச்சுன்னு தெரியும். மண்டோர் படுத்துட்டா, வேல வாங்க ஆளில்லாம மொத்தக் கேங்கும் தடுமாறும்ல? அந்த மாதிரி ஜீன் எதுன்னு தேடுறேன். தெரிஞ்சா, மருந்து எங்க வேல செய்யணும்னு தெரியும்.”

“எப்ப கெடைக்கும்?”

“தெரியாது. உங்க பேரப்பிள்ளைங்களுக்கு வயசாகுறதுக்குள்ள கெடைக்கணும்னுதான் ஓடுறேன்.”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கலா ஐஸ் பெட்டியை மூடத் தொடங்கினார். சற்று நேரத்தில் ஆரோக்கியசாமி திரும்பி வந்தார். அவர் கையைப் பிடித்தபடி மேரி. தலைவாரி, பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டியிருந்தார்.

“இவளுக்கு மறதி சீக்கு. பைத்தியம் இல்ல” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு தங்கையிடம், “சீக்கு வராதவங்களும் வேணும்னியே, எனக்கும் எடு.”

ஸ்டெல்லா மேரியின் முன் மண்டியிட்டாள். “பாட்டி, சின்ன ஊசி. எடுக்கட்டுமா? வேணாம்னா விட்டுர்றேன்.”

“நீ யாரு புள்ள?”

“பால்மரம் வெட்டுன அந்தோணி மக, பாட்டி.”

மேரி தலையாட்டிக் கையை நீட்டினார். ஊசியை எடுத்ததும் மறுபடி கேட்டார், “நீ யாரு புள்ள?” முதல் முறை கேட்டது போலவே ஸ்டெல்லா பதில் சொன்னாள். மதியத்துக்குள் எத்தனையோ முறை. எங்கள் அப்பாவின் பெயர் அந்த மண்டபத்தில் ஒலிக்க ஒலிக்க, பின்னால் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாசலுக்குப் போன இருவரும் வந்து வரிசையில் நின்றார்கள்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் வந்தால் பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து தோட்டங்களுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. தெரிந்த ஆளை முன்கூட்டியே வரச் சொல்லிவிடுங்கள். மறதி நோய் உள்ளவரைப் பார்த்தால் “என்னத் தெரியலயா?” என்று கேட்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லுங்கள்.

ஒன்றரை மணிக்குக் காரைத் திருப்பினேன். எதிரே அந்தத் தம்பதி. ஆரோக்கியசாமி மனைவியை நேரே வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. கைகோத்துக் கடைப்பக்கம் நடந்தார். எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் நின்று நின்று பேசினார்.